மோட்டாருக்கு நாலு முழம் மல்லி

சக்களத்தி என்று ஒருத்தி இருந்தால் அவள் வீட்டு வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டாவது வரலாம். எனக்கு வாய்த்தது கோடிக்கணக்கில். ஒரு சொட்டுத் தண்ணீரிலேயே லட்சம் இருக்குமாம். கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் சிக்காது. நான் யார் முடியைப் பிடித்து இழுப்பது?

என் வீட்டுக்காரர் சரவணகுமார். மரக்காணத்தைத் தாண்டி ஈ.சி.ஆர். ரோட்டில் இருக்கிற ஒரு இறால் கம்பெனியில் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிற ஆபரேட்டர். நான் ரேணுகா. அதே கம்பெனியில் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை. நாங்கள் நூற்றிருபது பெண்கள் காலையிலிருந்து ஐஸ் தண்ணீரில் கையை விட்டு, இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, கழுவிக் கழுவி ஊற்றுகிறோம். அந்தத் தண்ணீரெல்லாம் தரைக்கு அடியில் ஓடுகிற கால்வாய் வழியாக அவருடைய தொட்டிக்குப் போகிறது. அங்கே இருக்கிற நுண்ணுயிர்கள் அதிலுள்ள அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்கின்றன. அதாவது, என் சக்களத்திகளுக்கு மூன்று வேளையும் என் கையால்தான் வடித்துப் போடுகிறேன். இந்தக் கொடுமை வேறு எவளுக்காவது நடந்திருக்குமா?

அவர் அவற்றை நுண்ணுயிர் என்று சொல்ல மாட்டார். பாக்டீரியா என்றும் சொல்ல மாட்டார். பசங்க என்பார். "பசங்க இன்னிக்கு டல்லா இருக்குதுங்க." "பசங்களுக்குக் காத்து பத்தல." வீட்டில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டே போனை எடுத்து, அடுத்த ஷிஃப்ட் பார்க்கிற மணிவண்ணனைக் கேட்பார்: "ஏம்பா, பசங்க சாப்ட்டாங்களா?" தோசை சுட்டவள் எதிரிலேயே நிற்கிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். நீ சாப்ட்டியா என்று ஒரே ஒரு நாள், பேச்சுக்காவது, அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

எங்கள் மகள் கீதாஞ்சலி இரண்டாம் வகுப்பு. கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று டீச்சர் கேட்டதற்கு, "கோடிக்கணக்குல இருக்காங்க மிஸ். எல்லாரும் கம்பெனியிலயே தங்கிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் என்ன பதில் சொல்ல முடியும்?

பெண் பார்க்க வந்த அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அவர் பெருமுக்கல் பக்கத்து ஆள், விவசாயக் குடும்பம். பன்னிரண்டாவது முடித்துவிட்டு இந்தக் கம்பெனியில் ஐஸ் உடைக்கச் சேர்ந்தார். அப்போது தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த படித்த மனிதர் ஒருவர், அது கெட்டு நாறத் தொடங்கியதும் வேலையை விட்டுப் போய்விட்டார். "நான் பாக்கறேன் சார்" என்று இவராகப் போய்த் தலையைக் கொடுத்திருக்கிறார்.

புதுச்சேரிப் பக்கம் ஒரு சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து லாரியில் சேறு கொண்டுவந்து ஊற்றினார்களாம். அந்தச் சேற்றில்தான் இந்த உயிர்கள் இருக்கும். ஆனால் எங்கள் கம்பெனித் தண்ணீரில் உப்பு அதிகம். ஊர்ச் சாக்கடையில் வளர்ந்தவை உப்பில் பிழைக்காது. மூன்று முறை ஊற்றினார்கள், மூன்று முறையும் செத்துப்போயின. நான்காவது முறை வந்ததில் கொஞ்சத்தை இவர் ஒரு சின்னத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொண்டு, இன்றைக்கு ஒரு கைப்பிடி உப்பு, பத்து நாள் கழித்து இன்னொரு கைப்பிடி என்று எட்டு மாதம் பழக்கியிருக்கிறார். செத்ததுபோக மிஞ்சியவை உப்புக்குப் பழகிக்கொண்டன. இன்றைக்குத் தொட்டியில் இருப்பவை அவற்றின் வம்சம்தான்.

அந்த எட்டு மாதத்துக்கு நடுவில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார். என் அப்பா இருசப்பன் உப்பளத்தில் வேலை செய்தவர். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காபியோடு வந்து நிற்கிறேன். மாப்பிள்ளை என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாத்தியில் தண்ணீர் எத்தனை டிகிரிக்கு வந்தால் உப்பு இறங்கும், உப்பின் அடர்த்தியை அளக்கிற அந்த டிகிரி மீட்டர் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அப்பாவைக் குடைந்துகொண்டிருந்தார். காபி ஆறிப்போனது. அப்பாவுக்கு மட்டும் ஆளை ரொம்பப் பிடித்துவிட்டது. "வேலையில கருத்தா இருக்கான்டி" என்றார். ஆமாம், கருத்தாகத்தான் இருந்தார். யார்மேல் என்பதை அப்பா கவனிக்கவில்லை.

இந்த வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரல் நடுவிலிருந்து இரண்டு மாதம் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. இறால் வரவில்லை என்றால் ஷெட்டில் கழுவல் இல்லை, கழுவல் இல்லை என்றால் தொட்டிக்குச் சாப்பாடு இல்லை. அந்த இரண்டு மாதமும் வெல்லக் கரைசலும் சோற்றுக் கஞ்சியும் ஊற்றித்தான் அவர் தொட்டியைக் காப்பாற்றுவார். இந்த முறை கரண்ட் அடிக்கடி போனதால் பயம் வந்து, தொட்டிச் சேற்றில் கொஞ்சத்தை ஒரு நீல டிரம்மில் பிடித்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். மீன் தொட்டிக்குக் காற்றடிக்கிற சின்ன பம்பு ஒன்றையும் அதில் போட்டார்.

"கொஞ்ச நாளைக்கு நீ பாத்துக்க. ஒருவேள அங்க செத்தா இங்கயாவது இருக்கட்டும்."

சக்களத்தியை வீட்டுக்கே கூட்டிவந்து, கொஞ்ச நாள் பார்த்துக்கொள் என்றால் ஒருத்திக்கு எப்படி இருக்கும்? முதல் நாள் அதன் பக்கமே போகவில்லை. இரண்டாம் நாள் போனால் போகிறது என்று கஞ்சி ஊற்றினேன். பிறகு மார்க்கெட்டில் இறால் தலை கேட்டு வாங்கிவந்து, அலசிய தண்ணீரை ஊற்றினேன். உப்புக்கு என் வீட்டில் பஞ்சமா? மே மாதக் கடைசியில் ஒரு நாள் அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். நன்றாக இருக்கிற சேறு நாறாது. மழை பெய்த மண்ணின் வாசனைதான் வரும்.

"இன்னாடி போட்டு வளத்த? என் பசங்களவிட நல்லா இருக்குதுங்களே!"

ஒன்பது வருஷத்தில் என் கைப்பக்குவத்துக்கு அவரிடமிருந்து கிடைத்த ஒரே பாராட்டு இதுதான். அதுவும் மனிதர் தின்ற சாப்பாட்டுக்கு இல்லை.

ஜூனில் படகுகள் போகத் தொடங்கியதும், "இனிமே அது வேணாம், தென்னமரத்துக்கு ஊத்திடு" என்றார். எனக்கு மனது வரவில்லை. இரண்டு மாதம் ஊட்டி வளர்த்தது. காரியம் முடிந்ததும் தென்னைமரத்துக்கா? டிரம்மை அடுத்த தெருவில் இருக்கிற என் அம்மா வீட்டு ஆட்டுக் கொட்டகைக்கு நகர்த்தினேன். மாமியார் வீட்டுக்கு அவர் வருவது தீபாவளிக்குத் தீபாவளி, அதனால் பயமில்லை. என் அம்மா மங்கம்மா கத்தினாள். "சாக்கடத் தண்ணிக்குக் காத்து வேற ஊதறியாடி? உனக்கு இன்னா பேய் புடிச்சிருக்குதா?" எருவுக்கு என்று சொல்லிச் சமாளித்தேன். எருவும் இல்லை, ஒன்றும் இல்லை. அவரைவிட நான் நன்றாக வளர்க்கிறேன் என்பது எனக்கு மட்டுமாவது தெரிந்திருக்க வேண்டும். பொறாமை பிடித்தவளுக்கு அந்த ஒரு சுகம் போதும்.

செப்டம்பரில் என் தங்கை அம்சவல்லிக்குக் கிளியனூரில் வளைகாப்பு. வருகிறேன் என்று சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார். அப்போது போன் வந்தது. தொட்டிக்குக் காற்றடிக்கிற புளோயரின் பெல்ட் அறுந்துவிட்டதாம். காற்று நின்றால் சில மணி நேரத்தில் அதுங்க மூச்சு முட்டிச் செத்துவிடுமாம். "நீ போ, நான் பின்னாலயே வர்றேன்" என்றார். வரவில்லை. "எங்கடி உன் வீட்டுக்காரு?" என்று ஏழு பேர் கேட்டார்கள். ஏழு பேரிடமும் ஜுரம் என்றேன். எட்டாவதாகக் கேட்ட பெரியம்மா, "போன வருஷம் காது குத்துக்கும் ஜுரம்தான சொன்ன?" என்றாள். எனக்குப் போட்டுவிட்ட வளையல்களை அப்படியே கழற்றிக் கடலில் போட்டுவிடலாம் போலிருந்தது.

அதற்கு அடுத்து வந்ததுதான் ஆயுத பூஜை.

ஷெட்டுக்குள் பூ, பொட்டு, வளையல் எதுவும் கூடாது. முடி ஒன்று விழுந்தால் ஒரு பெட்டி இறால் வீண். தலையில் தொப்பி போட்டுக்கொண்டுதான் வருஷம் முழுக்க நிற்கிறோம். ஆயுத பூஜை அன்று மட்டும்தான், காலையில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்தபிறகு, புடவை மாற்றிக்கொண்டு பூ வைத்துக்கொள்ள விடுவார்கள். அதனால் அன்றைக்கு எந்தப் பெண்ணின் தலையில் எவ்வளவு பூ, யார் வாங்கிக் கொடுத்தது என்பதெல்லாம் ஷெட்டில் பெரிய பேச்சு.

முந்தின நாள் சாயங்காலம் அவர் மரக்காணம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கிவந்து பிரிட்ஜில் வைத்தார். வாழை இலையில் கட்டிய மல்லி. திறந்து அளந்தே பார்த்துவிட்டேன். நாலு முழம். வளைகாப்புக்கு வராத குற்றத்துக்கு மனிதர் இறங்கி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அன்றைக்குச் சண்டை போடாமல் சோறு போட்டேன். காலையில் பார்த்தால் பொட்டலத்தைக் காணோம், அவரும் கிளம்பிவிட்டார். கம்பெனிக்குக் கொண்டுபோயிருக்கிறார், எல்லார் எதிரிலும் கொடுப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னலைக்கூடப் பூ நிற்கிறாற்போல இறுக்கிப் போட்டுக்கொண்டு போனேன். ஆசை வெட்கம் அறியாது என்பது சரிதான்.

பத்து மணிக்கு ஷெட் கழுவல். சாதாரண நாளில் கொஞ்சமாகப் போடுகிற பிளீச்சிங் பவுடரை அன்றைக்கு மூட்டையாக அவிழ்ப்போம். சுவர், மேசை, தரை, கால்வாய் எல்லாம் வெள்ளையாகிற வரைக்கும் தேய்ப்போம். அந்தத் தண்ணீர் தொட்டிக்குப் போனால் அத்தனை உயிரும் செத்துவிடும். அதனால் ஒரு வழக்கம் உண்டு. பிளீச்சிங் கரைப்பதற்கு முன்னால் ஷெட்டிலிருந்து அவருக்கு ஒரு போன் போகும். அவர் தொட்டிக்குப் போகிற வால்வை மூடி, தண்ணீரைத் தனியாக ஒரு குழிக்குத் திருப்பிவிடுவார். அது இரண்டு நாள் வெயிலில் கிடந்து, பிளீச்சிங் போனபிறகுதான் தொட்டிக்குப் போகும். அந்தப் போனைச் செய்வது என் வேலை. புருஷன் பெண்டாட்டி என்று வைத்த ஏற்பாடு.

"ரேணுகா, உன் வீட்டுக்காருக்குச் சொல்லிட்டு வா" என்றார் சூப்பர்வைசர் விஜயலட்சுமி அக்கா.

எங்கள் போனெல்லாம் உடை மாற்றுகிற அறையில் பைக்குள் இருக்கும். போனேன், எடுத்தேன். அந்த அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அவருடைய தொட்டி தெரியும். புளோயர் மோட்டாருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, அதன் கழுத்தைச் சுற்றி என் மல்லியைச் சுற்றியிருந்தார். நாலு முழமும். ஒரு சுற்றுக்கூட மிச்சமில்லை. இவர் இரண்டடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்வது? பற்றி எரிந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஷெட்டுக்குத் திரும்பினேன்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்கா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். தெரியாமல் செய்தேன், மறந்துவிட்டேன் என்றெல்லாம் இன்றைக்குச் சொல்ல மாட்டேன். பிளீச்சிங் கரைத்த முதல் வாளியை நானே கால்வாயில் கவிழ்த்தேன். போங்கடி என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் இருந்தவள் யாரைச் சொல்கிறேன் என்று கேட்டாள்.

மூன்று மணிக்குப் பூஜை. ஒவ்வொரு பிரிவாகக் கும்பிட்டுக்கொண்டே எல்லோரும் தொட்டிக்கு வந்தோம். மேனேஜர் மோகன் சார் முன்னால் நின்றார். என் வீட்டுக்காரர் கையில் கற்பூரத் தட்டு. மோட்டாருக்குக் காட்டிவிட்டுத் தொட்டிக்குக் காட்டக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். டீ நிறத்தில் இருக்க வேண்டிய நுரை சோப்பு நுரைபோல வெளுத்திருந்தது. தட்டை மணிவண்ணன் கையில் கொடுத்துவிட்டு மீட்டரை எடுத்துத் தண்ணீரில் விட்டார். தண்ணீரில் எவ்வளவு காற்று மிச்சம் இருக்கிறது என்று அது காட்டும். எப்போதும் இரண்டு காட்டும். அன்றைக்கு ஆறு.

"காத்து அதிகமா இருந்தா நல்லதுதானப்பா?" என்றார் மோகன் சார்.

"இல்ல சார். மூச்சு விட ஆள் இல்ல."

அவர் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை. விஜயலட்சுமி அக்கா பயந்துபோய், "நாங்க சொல்லிட்டுத்தான் சார் கழுவனோம். ரேணுகா போன் பண்ணாளே" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். போன் வரவில்லை என்பது அந்த இடத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவர் சட்டைப்பையில் போன் இருந்தது. எடுத்துக் காட்டினால் முடிந்தது.

"ஆமா சார், சொன்னா" என்றார். "நான்தான் பூஜ வேலையில வால்வ மூட மறந்துட்டேன்."

மோகன் சார் முகம் மாறிவிட்டது. பன்னிரண்டு நாளில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து தண்ணீர் சாம்பிள் எடுக்க வருகிறார்கள். அதற்குள் தொட்டி சரியாகாவிட்டால் கம்பெனிக்கே ஷட்டரை இறக்கிவிடுவார்கள். "அதுக்கு முன்னாடி இங்க ஆள மாத்திடுவேன், சரவணா" என்றார். வெளியே வாசலில் பூசணிக்காய் உடைக்கிற சத்தம் கேட்டது.

வீட்டில் அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நாள் தொட்டியிலேயே கிடந்தார். சாணி கரைத்து ஊற்றினார், வெல்லம் ஊற்றினார். லாரியில் ஊர்ச் சேறு வந்தது, உப்பில் செத்தது. தினமும் கண்ணாடிக் குடுவையில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பார்ப்பார். உயிர் இருந்தால் சேறு அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளியும். கலங்கலாகவே நின்றது. மூன்றாம் நாள் மதியம் சாப்பாடு கொண்டுபோனபோது குடுவைக்கு எதிரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நான் செத்தாலும் இந்த மனிதர் இப்படி அழுவாரா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்போதும் பொறாமைதான். அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது.

பழையபடி உப்புக்குப் பழக்க எட்டு மாதம் வேண்டும். கையில் இருந்தது ஒன்பது நாள்.

அம்மாவிடம் சொல்லி டிரம்மைக் கொடுத்தனுப்பியிருக்கலாம். நான் வாயைத் திறக்காமலே தப்பித்திருக்கலாம். அதையும் யோசித்தேன். மறுநாள் காலை, "அம்மா வீட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். தீபாவளிக்கு முன்னால் மருமகனைப் பார்த்ததில் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நேராக ஆட்டுக் கொட்டகைக்குப் போய் டிரம்மின் மூடியைத் திறந்தேன். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் நல்ல டீ நிறம்.

அவர் குனிந்து மோந்தார். மண் வாசனை. முழங்கைவரை கையை உள்ளே விட்டு, சேற்றை அள்ளிப் பார்த்தார். "தென்னமரத்துக்கு ஊத்தச் சொன்னேனே?"

"ஊத்தல. நாலு மாசமா நான்தான் வளக்கறேன். இறால் தல, உப்பு எல்லாம் போட்டு."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதைப் பார்த்ததும் நான் சொல்ல வந்தது வேறு எப்போதும் வெளியே வராது என்று பட்டது. சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு நான் போன் பண்ணல. மறக்கல. வேணும்னேதான் பண்ணல."

"தெரியும்" என்றார், கையைச் சேற்றிலிருந்து எடுக்காமலே.

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"ஏன்?"

கோபம் வந்தால் எனக்கு மரியாதையெல்லாம் பறந்துவிடும். "யோவ், மோட்டாருக்கு நாலு முழம் பூ சுத்தன இல்ல, எனக்கு ஒரு முழம் வாங்கணும்னு தோணுச்சாய்யா உனக்கு? அளந்து வச்சிட்டு, பின்னலப் போட்டுக்கினு பைத்தியம் மாதிரி வந்தேன்!"

அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "நீ பூ கேக்கவே இல்லையே, ரேணு."

"மோட்டாரு கேட்டுதா?"

கொட்டகையில் ஆடுகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தன. வாசலில் நின்ற அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் எழுந்து கையைக் கழுவினார். "வண்டி கூட்டியாறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஒரு குட்டியானை வண்டியில் டிரம்மை ஏற்றி, ரோட்டுப் பள்ளங்களில் சிந்தாமல் இருக்க நான் பின்னால் உட்கார்ந்து கட்டிப் பிடித்துக்கொண்டு போனேன். என் தலையெழுத்தைப் பாருங்கள், சக்களத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஊர்வலம். கம்பெனியில் ஒரு சின்னத் தொட்டியில் ஊற்றி, பெருகப் பெருகப் பெரிய தொட்டிக்கு மாற்றினோம். பெரிய தொட்டியின் அடியில் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்ததும் உதவியது. மோகன் சாரிடம் கெஞ்சி ஷெட் வேலையைக் கால்வாசியாகக் குறைக்க வைத்தார். இறால் தலைத் தண்ணீரை எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று என்னைத்தான் கேட்டார், ஏனென்றால் அவை என் கைக்குப் பழகியவை. எட்டாம் நாள் குடுவையில் கொஞ்சம் படிந்தது. பதினோராம் நாள் மேலே விரலளவு தெளிந்தது. பன்னிரண்டாம் நாள் வாரியத்துக்காரர்கள் வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு வாரம் கழித்து, மயிரிழையில் தப்பித்தோம் என்கிற மாதிரி ஒரு ரிப்போர்ட் வந்தது. நூற்றிருபது பெண்களும் வேலைக்குப் போனோம், அவரும் தொட்டிக்குப் போனார்.

மனிதர் மாறிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். போனில் இப்போதும் பசங்க சாப்ட்டாங்களா என்றுதான் கேட்கிறார். எனக்குப் பொறாமை தீர்ந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். தொட்டியில் இன்றைக்கு இருப்பதில் முக்கால்வாசி என் டிரம்மில் வளர்ந்தவை. அவர் என் பசங்க என்று உரிமை கொண்டாடும்போது முன்பைவிட இரண்டு மடங்கு எரிகிறது.

போகிக்கு முந்தின நாள் மறுபடியும் பெரிய கழுவல் வந்தது. பிளீச்சிங் மூட்டையை அவிழ்க்கும்போது நான் தலையைக் குனிந்துகொண்டு ஒரு மூலையில் தேய்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் அந்தப் போன் என் கைக்கு வராது என்று எனக்குத் தெரியும். ஒருமுறை சோற்றில் விஷம் வைத்தவளிடம் மறுபடியும் யார் அடுப்பைக் கொடுப்பார்கள்?

"ரேணுகா, இன்னா இன்னும் தேச்சிக்கினு இருக்க? போய்ப் போன் பண்ணு" என்றார் விஜயலட்சுமி அக்கா.

"நீங்களே பண்ணிடுங்கக்கா."

"நான் பண்ணா எடுக்க மாட்டாராம். காலையிலயே வந்து சொல்லிட்டுப் போனாரு. ரேணுகா சொன்னாத்தான் வால்வுல கைய வைப்பேன், வேற யாரும் பண்ண வேணாம்னு."

கையைத் துடைத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குப் போனேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"கழுவப் போறோம். வால்வ மூடுங்க."

"இரு." அவர் நடக்கிற சத்தமும், இரும்புச் சக்கரம் சுற்றுகிற சத்தமும் கேட்டன. "மூடிட்டேன்."

"சரி, வைக்கறேன்."

"ரேணு. நீ சாப்ட்டியா?"

ஒன்பது வருஷமாக இந்தக் கேள்விக்கு நான் தயார் செய்து வைத்திருந்த பதில்கள் ஒரு மூட்டை இருக்கும். ஒன்றும் வாயில் வரவில்லை. காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

"இல்ல" என்றேன். "மொதல்ல அந்த வால்வ இன்னொரு தபா பாருங்க."

ஜன்னலில் பார்த்தேன். அவர் குனிந்து சக்கரத்தை இன்னொரு முறை இறுக்கிவிட்டு, என் ஜன்னல் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் புளோயர் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டாரின் கழுத்தில் பூ இல்லை. என் தலையிலும் இல்லை, தொப்பிதான் இருந்தது. கணக்கு நேர், இப்போதைக்கு எனக்கு அது போதும். போனை வைத்துவிட்டுப் போய், பிளீச்சிங் வாளியை எடுத்தேன்.